பேரேடு

எங்கள் சமஸ்தானத்தை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.
பதினோரு ஊர், நான்கு கண்மாய்,
வாலிநோக்கம் பக்கம் ஓர் உப்பளம்,
மழைக்கு ஏழு இடத்தில் ஒழுகும் அரண்மனை,
அதற்கு ஒரே வாரிசு.

கோட்டைச்சாமித் துரை பொழுது விடிந்துதான் தூங்கப் போவார்.
மூக்கையூர்ச் சூசையோடு வள்ளப் பந்தயம்,
சாயல்குடிச் சந்தையில் சேவற்கட்டு,
கீழக்கரை மீராசா மரைக்காயரிடம்
கடனுக்கு வாங்கிய அரபுக் குதிரை.
உடைமரக் காட்டுக்குள் அதை விரட்டிப்போய்
முள் கிழித்த காலோடு
சிரித்துக்கொண்டே வருவார்.
பெரிய துரை பார்வை மங்கியவர்.
கணக்கைக் காதால்தான் பார்ப்பார்.
நான் வாசிப்பேன்.

எழுதுவதில் எனக்கொரு நயம் உண்டு.
தோற்ற சேவல், கோயிலுக்கு நெய்.
குதிரைக்குக் கொள்ளு, ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறு.
பந்தயத்தில் உடைந்த வள்ளம்
சத்திரத்துக்கு ஓடு மாற்றிய வகை.
ஒரு புரட்டாசியில்
‘வடக்குக் கண்மாய் மடைப் பழுது, ரூபாய் நூற்றுப்பத்து’
என்று எழுதிக் கீழே கோடு இழுத்தேன்.
குதிரைப் பாக்கிக்கு மரைக்காயரின் ஆள்
வாசலில் நின்றிருந்தான்.

கார்த்திகையில் மூன்று நாள் அடைமழை.
மடை பிய்த்துக்கொண்டு போனது.
அடைக்கப் போன நாலு பேரில்
ராக்குவின் புருஷன் வேலாண்டி திரும்பவில்லை.
பேரேட்டில் மடை புத்தம் புதிதாக இருந்தது.

அன்று துரை குதிரையில் போனார்,
கடிவாளத்தைப் பிடித்தபடி நடந்து திரும்பினார்.
சேவல்களைத் திறந்துவிட்டார்.
அவை எங்கும் போகவில்லை,
முற்றத்திலேயே மேய்ந்தன.

தை மாதம் பெரிய துரை போய்ச் சேர்ந்தார்.
பதினாறாம் நாள் தலைப்பாகை கட்டு.
பதினோரு ஊரும் வந்திருந்தது,
தேங்காயோடு, கருப்பட்டியோடு, ஓர் உப்பு மூட்டையோடு.
தலைப்பாகை பாதி சுற்றியிருந்தபோது
கையை உயர்த்தி நிறுத்தினார்.
“திருமேனி, பேரேட்டைக் கொண்டுவாரும்.”

என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது.
அருகில் வந்து தாளைத் தாமே புரட்டினார்.
நெய் என்றேன்.
“சேவல்” என்றார், சபைக்குக் கேட்கும்படி.
சோறு என்றேன். “கொள்ளு.”
பக்கம் பக்கமாக
நான் எழுதியதைச் சொல்ல, அவர் நடந்ததைச் சொன்னார்.
முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள், பிறகு நின்றுவிட்டது.
மடைப் பழுது என்றேன்.
அவர் வாய் திறக்க நேரமாயிற்று.
தலைப்பாகையின் தொங்கிய முனை
காற்றில் ஆடி முகத்தில் விழுந்தது.
“குதிரை” என்றார்.

ராக்கு எழுந்தாள்.
அழவில்லை, மண்ணைத் தூற்றவில்லை.
“நூற்றுப்பத்தா?” என்று மட்டும் கேட்டாள்.
தன் கைவிரல்களைப் பார்த்தாள்.
பிறகு போய்விட்டாள்.
அவள் பின்னால் இரண்டு ஊர் போனது.

மீதித் தலைப்பாகையை யாரும் கட்டவில்லை.
அவரே அவிழ்த்துச் சுருட்டி என்னிடம் கொடுத்தார்.

மறுநாள் குதிரை கீழக்கரைக்குத் திரும்பியது.
மரைக்காயர் பாதி விலைதான் தந்தார்.
துரை வடக்குக் கண்மாய்க்குப் போனார்.
சும்மாடு வைக்கத் தெரியவில்லை,
மண்கூடையோடு மூன்று தடவை கரையில் சறுக்கினார்.
பெண்கள் சிரித்தார்கள்.
ராக்குவும் வேலைக்கு வந்திருந்தாள்.
கூலியை எண்ணி வாங்கினாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.
இன்றுவரை பார்க்கவில்லை.

திருந்திவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன்.
சந்தைக்குப் போனால் சேவலின் காலை
இன்னும் ஒரு கண்ணால் அளக்கிறார்.
கூட்டல் வராது. கோபம் வரும்.
என்னை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.
“என் பொய்யெல்லாம் உம் கையெழுத்தில்தானே இருக்கிறது” என்றார்.
வெள்ளிதோறும் உப்பளத்து வரப்பில் நின்று
ஊர் கேட்க நான் கணக்கு வாசிக்க வேண்டும்.
கச்சான் காற்று தாளைப் பிடுங்கும்.

போன மாதம், பழைய பழக்கம், கை தன்னால் போயிற்று.
கரைக்கு மண் அறுநூறு கூடை என்று வாசித்தேன்.
“ஐந்நூற்று எழுபத்திரண்டு” என்றார் துரை,
பேரேட்டைப் பார்க்காமல்,
பிடரியைத் தேய்த்துக்கொண்டே.